முகத்துவாரத்தில் இரண்டு வலை

"உன் கண்ணு அவிஞ்சி பூட்ச்சின்னா அதுக்கு நா இன்னா பண்றது? போட்டோவ நல்லா பாரு. முகத்துவாரம் செவப்பு. செவப்பு யாரு? நானு."

துளசிங்கம் ஆட்டி ஆட்டிக் காட்டிய போன் அவருடையது இல்லை, மகள் கலைவாணியுடையது. முயல் காது வைத்த உறை. அறுபது வயது மனிதர் முயல் காதைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்பதைப் பார்க்க மீன்காரி எல்லம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எதிரே வடிவேலு நின்ற நிற்பைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"என்து மட்டும் இன்னா? வெள்ளிக்கெழம வாட்ஸ்அப்புல ஊருக்கே வந்த படம். முகத்துவாரம் நீலம். உன் மருமவப் புள்ள மாமனாருக்கு ஒண்ணு காட்டுவான், ஊருக்கு ஒண்ணு அனுப்புவானா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வடக்குத்திட்டு குப்பத்து மீனவர் சங்கக் கட்டடம் இப்படி அதிர்ந்துகொண்டிருந்தது. காரணம் கேட்டால் எல்லம்மா மூச்சு விடாமல் சொல்லுவாள். நாம் கொஞ்சம் மூச்சு விட்டே சொல்லலாம்.

ஏரியில் யார், எந்த வாரம், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். குப்பத்தில் மூன்று வகையறா. துளசிங்கத்தின் ஆட்கள் படகில் சிவப்புக் கொடி, வடிவேலுவின் ஆட்கள் நீலக் கொடி, மாசிலாமணியின் ஆட்கள் பச்சைக் கொடி. வலை போட மூன்று இடம்: முகத்துவாரம், நடுத்திட்டு, வடக்கோரம். இறால் ஏறும் மாதத்தில் முகத்துவாரம்தான் ராஜா, மற்ற இரண்டும் சும்மா பேருக்கு. சீட்டு குலுக்குகிறவன் கையில் வித்தை காட்டுகிறான் என்று போன வருஷம் சண்டை வர, வெள்ளிக்கிழமை தோறும் கம்ப்யூட்டரே குலுக்கட்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. திரையில் ஏரிப் படம் வரும். எந்த இடம் யாருக்கோ அந்த இடத்தில் அவர்கள் கொடி நிறம். ஓர் எழுத்து கிடையாது. பேர் போட்டால் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று அதற்கு ஒரு கூட்டம் போடவேண்டியிருக்கும் என்பதால் எழுத்தே கூடாது என்று தீர்மானம் போட்ட ஊர் அது.

இந்த வெள்ளிக்கிழமை குலுக்கிய பிறகு, சனிக்கிழமை விடிகாலையில் சிவப்பும் நீலமும் சேர்ந்து ஒரே முகத்துவாரத்தில் வலை இறக்கின. மீதியைச் சொல்லவேண்டுமா? இரண்டு வலை கிழிந்தது, ஒரு துடுப்பு உடைந்தது. அந்தத் துடுப்பு உடைந்த இடம் வடிவேலுவின் தம்பி முத்துவின் மண்டை. ஆறு தையல்.

பழி விழுந்தது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இளவழகன் தலையில். கலைவாணியைக் கட்டப்போகிறவன், துளசிங்கத்தின் வருங்கால மருமகன். வருகிற மாதம் நிச்சயதார்த்தம். மாமனாருக்கு முகத்துவாரத்தைத் தாரை வார்க்கப் படத்தை மாற்றிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். குற்றம் உறுதியானால் அவன் குடும்பத்துக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. ஏரியில் இறங்கக்கூடாது. கல்யாணமும் அத்தோடு சரி.

இந்த இடத்தில்தான் ஜஸீலா வருகிறாள். பழவேற்காட்டில் ஒரு காலத்தில் அத்தர் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். வியாபாரம் போய்விட்டது, மூக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது என்பாள் எல்லம்மா. பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஜஸீலாவின் அலுவலகம். 'திருமண விசாரணை. ரகசியம் காக்கப்படும்' என்று போர்டு. எல்லம்மா காலையில் அன்னக்கூடையோடு மீன் விற்பவள், மத்தியானத்துக்கு மேல் ஜஸீலாவின் உதவியாளர். மீன்காரி நுழைய முடியாத வீடு இந்தத் தாலுகாவில் இல்லை. போர்டில் இருக்கும் இரண்டாவது வரி மட்டும் அவளைக் கட்டுப்படுத்தாது.

அவர்களை வரவழைத்தது துளசிங்கத்தின் மனைவி கோவிந்தம்மா. கட்டடத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காதைக் கடித்தாள். மாப்பிள்ளை பொய்யனா, யோக்கியனா என்று நாலு மணிக்குள் தெரிந்தாக வேண்டுமாம். பொய்யன் என்றால் கூட்டத்துக்கு முன்னால் அவளே சம்பந்தத்தை முறித்துக்கொள்வாள். கூட்டம் முறித்து வைத்தால் மானம் போகுமாம்.

"வேல சுளுவுதான். மூணு பேருல அடி படாதவன் யாரு? மாசிலாமணி. அதோ டீ குடிச்சினு குந்தினு கீறான் பாரு. அவன் வேலதான்" என்றாள் எல்லம்மா.

"மூணு நிறத்துல பச்சைக்கு மட்டும் ஏன் வம்பே வரல?" என்றாள் ஜஸீலா.

"அதான் நானும் சொல்றேன்."

"நீங்க மாசிலாமணியச் சொல்றீங்கக்கா. நான் பச்சையச் சொல்றேன்."

இதில் என்ன வித்தியாசம் என்று எல்லம்மாவுக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

இளவழகன் கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். ஊரே திட்டும்போதும் லேப்டாப்பை விட்டுத் தலை நிமிராத பிள்ளை. எல்லம்மா அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தாள். பொய் சொல்கிறவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்க மாட்டான் என்பது அவள் கட்சி.

ஜஸீலா இரண்டு படத்தையும் அவன் முன்னால் வைத்துக் கேட்டாள். அவன் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். சங்கத்துப் பழைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருவேறி, உள்ளே இருக்கும் விசிறி நின்று போய்ச் செத்துவிட்டது. அதற்குப் பதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன போர்டு வாங்கினான். விசிறி வேண்டாம், சோலார் பேட்டரியிலேயே ஓடும். பழைய டிஸ்கைக் கழற்றி இதில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தான். மாட்டினால் கண் திறக்கவே இல்லை. பழைய சிப் ஒரு வகை, இது வேறு வகை. அதற்காகச் செய்த எதுவும் இதில் ஓடாது.

"பெட்ரோல் இன்ஜின்ல டீசல் ஊத்தினா மாரி" என்றாள் எல்லம்மா.

அவன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவளை மரியாதையோடு பார்த்தான். பிறகு தொடர்ந்தான். இந்தச் சிப்புக்கென்று வந்திருக்கும் லினக்ஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதிதாக ஏற்றி, பாடு குலுக்கும் புரோகிராமையும் அதற்கு ஏற்றபடி திரும்பக் கம்பைல் செய்து, பழைய படங்கள், பைல்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தான். அது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. திரைதான் உயிரை வாங்கியது. போன ஞாயிறு முழுக்க இருட்டு. திங்களன்று கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டான். அங்கே தங்கியிருக்கும் அறையிலிருந்தே நெட் வழியாக உள்ளே புகுந்து ரிப்பேர் பார்த்தான். திங்களன்று திரையில் கால்வாசிதான் தெரிகிறது என்று சங்கத்தில் வேலை செய்யும் செவ்வந்தி போனில் சொன்னாள். செவ்வாயன்று கோடு கோடாக ஓடுகிறது என்றாள். இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. கடைசியில் எந்த நாட்டுக்காரனோ தன் வீட்டுத் திரைக்காக இணையத்தில் எழுதி வைத்திருந்த ஒரு கட்டளை வரியை அப்படியே எடுத்து ஒட்டினான். வியாழக்கிழமை மத்தியானம் செவ்வந்தி போன் செய்து, படம் வந்துவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமை குலுக்கியதும் அறையிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் குரூப்பில் போட்டான். அவ்வளவுதான்.

"துளசிங்கம் அந்த குரூப்புல இல்லையா?"

இல்லை என்றான். கோபித்துக்கொண்டு மூன்று முறை வெளியேறியவரை நான்காம் முறை யாரும் சேர்க்கவில்லை. அதனால்தான் மகளோடு நேராகச் சங்கத்துக்குப் போய்த் திரையைப் பார்த்திருக்கிறார்.

"படம் வந்ததுக்கு அப்பறம், அந்த மானிட்டர் முன்னாடி நீ ஒரு தடவையாவது உக்காந்தியா தம்பி?"

"இல்லக்கா. என் லேப்டாப்புல எல்லாம் சரியாத்தானே தெரிஞ்சிது."

ஜஸீலா சட்டென்று எழுந்துவிட்டாள். அவள் நடையின் வேகத்துக்கு எல்லம்மா அன்னக்கூடையோடு ஓடவேண்டியிருந்தது.

சங்கத்து அறைக்குள் செவ்வந்தி மட்டும் இருந்தாள். பெருக்குவது, பூட்டுவது, ஆதார் நகல் எடுத்துக் கொடுப்பது என்று எல்லாம் அவள்தான். மேசைமேல் மானிட்டர். அதில் பச்சைப்பசேல் என்று ஒரு நெல்வயல்.

ஜஸீலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லம்மா பார்வையைச் சுற்றுப்புறத்தில் ஓட்டினாள். சுவரில் அம்மன், பீரோவில் அம்மன், காலண்டரில் அம்மன், தண்ணீர்க் குடத்துக்கு மேலே கூட அம்மன்.

"காட்டூர்ல நாத்து நடறவன் இத வெச்சா ஒரு நியாயம். மூணு பக்கம் தண்ணி இருக்கற குப்பத்துல யாரு வயக்காட்ட வெப்பாங்க?" என்று ஜஸீலா கேட்டாள்.

செவ்வந்தியின் முகம் வெளுத்தது. எல்லம்மாவுக்கு அது போதும். மாசிலாமணியை அந்த நிமிஷமே விடுதலை செய்துவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் அரைக் கிலோ வஞ்சிரம் என்று ஆசையும் காட்டினாள்.

செவ்வந்தி அழுகையும் விக்கலுமாகச் சொன்னது இதுதான். முன்பு இந்தத் திரையில் இருந்தது குப்பத்து அம்மன் படம். வியாழக்கிழமை படம் வந்துவிட்டது என்று இளவழகனுக்குச் சொல்லிப் போனை வைத்த பிறகுதான் சரியாகப் பார்த்தாள். அம்மன் முகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. சாமி குத்தம் என்று பயந்து, கற்பூரம் வாங்கக் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அம்மனைக் காணோம், வயல் இருந்தது. அறையில் யாரும் இல்லை. ஆத்தா தானே மலையேறிவிட்டாள் என்று நினைத்து, கற்பூரத்தைக் கம்ப்யூட்டருக்கே கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"மெய்யாலுமே இத இளவழகன் கிட்ட சொல்லலயா?" என்று எல்லம்மா கேட்டாள்.

சொல்லவில்லையாம். மெஷினுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னால் படித்தவன் சிரிப்பான் என்று பயமாம்.

ஜஸீலா துளசிங்கத்திடம் வாங்கி வைத்திருந்த முயல் காது போனை எடுத்து, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏரிப் படம் மட்டும் போட்டோ முழுக்க நிறைந்திருந்தது. மானிட்டரின் விளிம்பு இல்லை, மேசை இல்லை, சுவர் இல்லை.

"ஊர்ல எல்லாரும் போட்டோ எடுத்தா பாதி சுவரும் ஒரு விரலும் சேர்ந்து விழும். இது மட்டும் திரைன்னே தெரியாம யாரோ பார்த்துப் பார்த்து எடுத்த மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

நாலு மணிக்கு மானிட்டரை வெளி வராந்தாவுக்குத் தூக்கி வந்து வைத்தார்கள். குப்பமே கூடியிருந்தது. முத்து தலைக்கட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து பரிதாபம் வசூலித்துக்கொண்டிருந்தான். இளவழகனின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஜஸீலா முயல் காது போனைக் கலைவாணியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் காதில் ஏதோ சொன்னாள். இருபது அடி தூரத்தில் இருந்த எல்லம்மாவுக்கு அது கேட்கவில்லை. முத்துவின் ஆறு தையலைவிட அவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஜஸீலா பேச்சை வளர்க்கவில்லை. பழைய அம்மன் படத்தைத் திரையில் திறக்கச் சொன்னாள். செவ்வந்தி திறந்தாள். அரக்குச் சிவப்புப் புடவையில் இருக்கவேண்டிய அம்மன் நீலப் புடவையில் இருந்தாள். குங்குமம் நீலம். முகம் அவுரியில் முக்கி எடுத்தது போல. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வடிவேலு தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். வேப்பிலைப் பச்சை மட்டும் ஏறக்குறையப் பச்சையாகவே இருந்தது.

அதே படத்தைப் பிரிண்டரில் எடுக்கச் சொன்னாள். அது இருமி இருமித் தாளைத் துப்பியது. தாளில் அம்மன் சிவப்புப் புடவையில் இருந்தாள்.

"துளசிங்கத்துக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு இளவழகன் காட்டினான்னு சொல்றீங்க. இப்ப அம்மனும் அப்படியா?"

ஜஸீலா விளக்கினாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் படம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டும் சரி, தாளும் சரி, இளவழகன் லேப்டாப்பில் பார்த்ததும் சரி. உள்ளே இருந்து மானிட்டருக்குப் போகும் வழியில்தான் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. அவன் ஒட்டிய வரி வேறு யாருடைய திரைக்கோ எழுதியது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் பச்சை நடுவில் இருப்பதால் அசையவில்லை. மாசிலாமணி டீயோடு தப்பித்தது அதனால்தான். துளசிங்கம் திரையைப் பார்த்தார், வடிவேலு உள்ளே இருந்ததைப் பார்த்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முகத்துவாரம் வடிவேலுவுக்கு.

இளவழகன் வந்து உட்கார்ந்தான். அந்த வரியில் நிறங்களின் வரிசையைச் சொல்லும் ஒரு சொல்லை மாற்றிவிட்டு மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டான். திரை இருண்டது. நாற்பது வினாடி. இறால் விலையைக்கூட இவ்வளவு அமைதியாக அந்த ஊர் கேட்டதில்லை. பிறகு வயல் வந்தது. அம்மன் படத்தைத் திறந்தான். சிவப்பு. யாரோ குலவையிட்டார்கள். அவன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வடிவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பையன் மேல் தப்பில்லை, அவன் குடும்பத்துக்குப் பாடு உண்டு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவர். "அம்மன் படம் அங்கியே இருந்துதுன்னா வெள்ளிக்கெழமயே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். என் தம்பி மண்ட ஒடஞ்சிருக்காது. அத எடுத்தது யாரு?"

எல்லம்மா செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி தரையைப் பார்த்தாள். ஜஸீலா யாரையும் பார்க்காமல் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"நான்தான்."

கலைவாணி கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள். கோவிந்தம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"நர்சிங்குக்கு ஃபாரம் போட வியாழக்கெழம இங்க வந்தேன் நைனா. அப்பவே திரை மாத்திக் காட்டுதுன்னு தெரிஞ்சிச்சி. அம்மன் படத்த எடுத்துட்டு வயல வெச்சேன். மறுநாள் உன்னக் கூட்டினு வந்து நானே போட்டோ புடிச்சேன். உனக்கோசரம் அவரு ஏமாத்தினாருன்னு ஊரு பேசும், கல்யாணம் நின்னுடும்னு நெனச்சேன். மூணு வாட்டி வேணாம்னு சொன்னேன். நீ ஒரு வாட்டி கூட திரும்பிப் பாக்கல. முத்து சித்தப்பாவுக்கு மண்ட ஒடையும்னு நான் நெனைக்கல."

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

இளவழகன்தான் கேட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருந்தா நானே வேணாம்னு சொல்லி இருப்பேனே."

"மூணு வாட்டி போன் பண்ணேன். சிப்பு, திரை, வரின்னு நீங்களே பேசினு இருந்தீங்க. உங்களுக்கு ஒரு வருசம் ஏரி இல்லாம பூடும்னு தெரிஞ்சும் சும்மா இருந்தேன். அதுக்கு மன்னாப்பு கேட்டுக்கறேன். கல்யாணத்துக்கு இல்ல."

அவன் லேப்டாப்பை மூடினான். அன்றைக்கு அவன் அதை மூடியது அதுதான் முதல் தடவை. எல்லம்மா கவனித்தாள்.

கூட்டம் சீக்கிரம் முடிந்தது. துளசிங்கம் தன் அடுத்த முகத்துவாரப் பாட்டை வடிவேலுவுக்கு விட்டுக்கொடுத்தார். இனிமேல் ஏரிப் படத்தில் நிறத்தோடு பேரும் போடுவது என்று தீர்மானமாயிற்று. யார் பேர் மேலே என்பதற்கு அடுத்த கூட்டம். திரும்பிப் போகும் வழியில், கலைவாணியின் காதில் என்ன சொன்னாய் என்று எல்லம்மா குடைந்து எடுத்தாள்.

"நீ சொன்னா அது உன் வாழ்க்க, நான் சொன்னா அது விசாரணைன்னு சொன்னேன்க்கா."

"இவ்ளோதானா?" என்றாள் எல்லம்மா ஏமாற்றத்தோடு.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லம்மா வந்து சொல்லிவிடுவாள். இளவழகனுக்கு அடுத்த தை மாசம் கல்யாணம் ஆனது. பெண் சுண்ணாம்புக்குளம். பெண் வீட்டார் ஜஸீலாவிடம்தான் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொன்னார்கள். யோக்கியன், எதிரில் உட்கார்ந்து பேசினால் மட்டும் காது கேட்கும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். முத்துவின் தையலைப் பார்க்க வாழைப்பழத்தோடு அவன் வீட்டுக்குப் போன செவ்வந்தி, தையல் பிரித்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். ஆடி கழிந்ததும் அவர்களுக்கும் கல்யாணம் முடிந்தது.

கலைவாணிக்கு வேலூர்ப் பக்கம் நர்சிங் இடம் கிடைத்தது. கூட்டம் முடிந்து அவள் கிளம்புகிற வரைக்கும் இரண்டு மாசம் துளசிங்கம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவதற்கு முன் கோவிந்தம்மாவைப் பார்த்து, அவள் சாப்பிட்டாளா என்று கேட்பதோடு சரி. புறப்படுகிற அன்று காலை, யாரும் கேட்காமலே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, துண்டால் சீட்டைத் தட்டிவிட்டு இறங்கினார். கண்டக்டரிடம் போய், "எம் பொண்ணு. தனியா போவுது. பொன்னேரில பஸ் மாத்தி உடணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.